துளைதான் துப்பாக்கி

பழைய துப்பாக்கி என்றாலே எல்லோர் கண்ணும் போவது வெள்ளி வேலைப்பாட்டுக்குத்தான். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிமுன் குனிந்து நின்று, கட்டையில் ஓடும் கொடிச் செதுக்கல், எலும்பில் இழைத்த பூ, குதிரையின் கழுத்து வளைவு (குதிரை என்றால் விசையை இழுத்ததும் பாய்ந்து விழும் அந்தக் கொக்கி) என்று ஒவ்வொன்றாக ரசித்துவிட்டு, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை மட்டும் குழாய்தானே என்று தாண்டிப் போய்விடுவேன். தண்ணீர்க் குழாய்க்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த அலட்சியத்தைத் தீர்த்துவைத்தவர் ஒரு பெரியவர். பழைய துப்பாக்கிகளைத் துருவெடுத்து, இற்றுப்போன கட்டையை ஒட்டி, கெடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒருநாள் போனபோது மேசையில் வெறும் குழல் ஒன்று கிடந்தது. கட்டை இல்லை, குதிரை இல்லை, அடியில் மரை போட்டு இறுக்கியிருக்கும் மூடியையும் கழற்றியிருந்தார். இரண்டு பக்கமும் திறந்து, நிஜமாகவே குழாய் மாதிரிதான் இருந்தது.

"இதைக் கண்ணுகிட்ட வச்சு ஜன்னலைப் பாருங்க தம்பி."

பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுதுங்கய்யா."

"வெளிச்சத்தை விடுங்க. நிழலைப் பாருங்க."

எண்ணெய் மினுங்கும் உள்சுவரில் ஜன்னல் சட்டத்தின் நிழல் ஒரு கருங்கோடாக விழுந்து, என் கண்ணுக்கடியில் தொடங்கி மறுமுனை வரை ஓடியது. மெதுவாக உருட்டச் சொன்னார். உருட்டினேன். கோடு அப்படியே நின்றது, பிறகு முக்கால் தூரத்தில் ஓர் இடத்தில், தண்ணீரில் விட்ட குச்சி போல லேசாக ஒடிந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினால் மறுபடி நேராகிவிட்டது. "அங்கதான் வளைவு" என்றார். "எப்பவோ கீழ விழுந்திருக்கும். செஞ்சவன் இப்படி விட்டிருக்க மாட்டான்."

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழலில் எந்த வளைவும் தெரியவில்லை. விரலால் தடவினாலும் தெரியவில்லை. ஆனால் குழல் செய்த காலத்தில் இதைக் கண்டுபிடித்துத் தட்டி நேராக்குவது தனி ஆள் செய்யும் தனித் தொழில். அதற்கும் முந்தைய முறை இன்னும் எளிமையானது: வில்லில் பூட்டிய மெல்லிய நரம்பைக் குழலுக்குள் விட்டு, விறைப்பாக உள்சுவரோடு ஒட்டிப் பிடித்து, எங்கே நரம்புக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே அடிப்பது. நரம்பு, ஜன்னல், சுத்தியல். இந்த மூன்றோடு அவர்கள் பிடித்த நேர்த்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

நான் சொல்வது வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளைப் பற்றி. கரிமருந்து, அதன்மேல் குண்டு, சுற்றிலும் அடைக்கத் துணியோ காகிதமோ, எல்லாமே முன்வாய் வழியாகப் போய், கெஜக்கோலால் இடித்து அடிவரை இறங்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. திரியோ, சக்கிமுக்கிப் பொறியோ, பிற்காலத்தில் கேப் என்ற சின்ன வெடிமூடியோ கொடுக்கும் நெருப்பு அது வழியாக உள்ளே போகும். ஏறத்தாழ ஐந்நூறு வருடம் கையில் தூக்கிச் சுடும் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் இதுதான். அத்தனை வருடத்தில் நெருப்பு கொடுக்கும் பொறி பலமுறை மாறியது. திரித்துப்பாக்கி சக்கிமுக்கித் துப்பாக்கியாகி, 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளை வைத்துக் காப்புரிமை வாங்க, அதுவும் மாறியது. ஆனால் நல்ல குழலை யாரும் தூக்கிப் போடவில்லை. கட்டையை மாற்றினார்கள், பொறியை மாற்றினார்கள், குழலை எடுத்துப் புதுக் கட்டையில் பொருத்தினார்கள். கோலம் ஓடும் துருக்கிய டமாஸ்கஸ் குழல் ஐரோப்பியக் கட்டையில் உட்கார்ந்திருப்பதை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். ஆக, துப்பாக்கியில் உயிர் எங்கே இருக்கிறது என்பதில் அந்தக் காலத்து ஆட்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நமக்குத்தான் வெள்ளி கண்ணை மறைக்கிறது.

சரி, குழலை எப்படிச் செய்தார்கள்? நாலடி நீள இரும்புத் தடியில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நேராகத் துளை போடுவது இன்றைக்கே சாதாரண வேலையில்லை. அதனால் தலைகீழாக யோசித்தார்கள். துளையை முதலில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி இரும்பைக் கட்டினார்கள். நீளமான இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி ஓலைச் சுருள் மாதிரி மடித்து, இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று படியும் இடத்தை வெண்சூட்டில் அடித்து ஒட்டுவது. ஒரு தடவை காய்ச்சினால் சில அங்குலம்தான் ஒட்ட முடியும். கம்பியை உள்ளே விடு, அடி, கம்பி ஒட்டிக்கொள்வதற்குள் உருவு, மறுபடி உலையில் வை. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பே பொரிப்பொரியாக எரிந்து போய்விடும். நடுவில் ஒரு துளி கசடு சிக்கினாலும் அந்த இடம் வெளியே பார்க்க முழுசாக இருந்துகொண்டு உள்ளே பிளவாகவே கிடக்கும், என்றைக்கோ ஒருநாள் ஒருத்தன் முகத்துக்கு முன்னால் அது திறக்கும்.

அந்த ஒட்டுதான் இதில் பெரிய தலைவலி. குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நெடுக்காகத்தான் பிளக்கும். அழுத்தம் தாங்காமல் வெடித்த எந்தத் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள், கீறல் நீளவாக்கில் ஓடியிருக்கும். குறுக்கே ஓடும் கீறலைவிட நெடுக்கே ஓடும் கீறலைத் திறக்க அழுத்தத்துக்குப் பாதி வலிமை போதும். பட்டையை நேராக மடித்துச் செய்த குழலில் ஒட்டு எங்கே இருக்கிறது? சரியாக அதே நெடுக்கு வாக்கில். இருப்பதிலேயே பலவீனமான கோட்டைக் கொண்டுபோய் இருப்பதிலேயே அதிகமாக இழுபடும் திசையில் வைத்தது போல.

இதற்கு விடை, பட்டையைச் சாய்வாகச் சுற்றுவது. கயிறு சுற்றுவது போலச் சுருள் சுருளாகச் சுற்றி, சுருளோடு சுருளை அடித்து ஒட்டினால் ஒட்டுக் கோடு குழலைச் சுற்றிச் சுற்றி ஓடும், நெடுக்கே ஓடாது. இதைப் பற்றி 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஓரத்தோடு ஓரம் சேர்க்கும் பழைய முறையையும் சொல்லி, அதற்கு மாறாக அக்பரின் பட்டறையில் பட்டையைச் சாய்வாகச் சுருட்டி, மடிப்பின்மேல் மடிப்பு படியும்படி விட்டு, படிப்படியாகக் காய்ச்சி ஒட்டியதை விவரிக்கிறார். முன்பெல்லாம் குழலில் கால்பங்குக்கு மேல் மருந்து போட முடியாது, வெடித்துவிடும், இப்போது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் தாங்குகிறது என்கிறார். அரசரைப் புகழ்வதற்காக எழுதியது, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் தொழில் விவரம் கச்சிதம். ஒரே நேரத்தில் பதினாறு குழல்களின் உட்புறத்தைத் துலக்க மாடு சுற்றும் சக்கரப் பொறி ஒன்று இருந்ததையும் அதே பகுதியில் சொல்கிறார். ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரும்பு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் செய்தது, எங்கே செய்தது, எந்தத் தேதி என்று பொறித்தார்களாம். வாளுக்குப் பெயர் வைக்கிற மாதிரி பெயர் வைத்துக் கொண்டாடிய துப்பாக்கியும் உண்டு. அக்பர் 1568இல் ராஜஸ்தானத்துச் சித்தூர் கோட்டை முற்றுகையில், கோட்டையைக் காத்து நின்ற ஜைமலைச் சுட்டதாகச் சொல்லப்படும் துப்பாக்கியின் பெயர் சங்கிராம்.

சுருள் முறை ஒருமுறை கைக்கு வந்த பிறகு அழகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி அடித்து ஒரு சதுரக் கம்பியாக்கி, அதைச் சூட்டில் முறுக்கி, இடப்புறம் முறுக்கிய கம்பியையும் வலப்புறம் முறுக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பட்டையாக அடித்து, அந்தப் பட்டையைச் சுருட்டிக் குழலாக்கினால் அதுதான் டமாஸ்கஸ் குழல். துருக்கி, பாரசீகம், இந்தியா என்று கிழக்கே செய்ததைப் பார்த்து, பின்னால் பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இதைப் பெரிய தொழிலாக்கினார்கள். செய்து முடித்ததும் அது சாதாரண இரும்பு போல வெளுப்பாகத்தான் இருக்கும். பிறகு மெல்லிய துரு ஏற விட்டு, தேய்த்து, மறுபடி துரு ஏற விட்டு, இப்படிப் பல நாள் செய்தால் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகப் பிரிந்து, மயிற்கண் போலவும் சுழித்து ஓடும் ஆற்றுத் தண்ணீர் போலவும் கோலம் எழும்பி வரும். யாரும் வரைந்ததல்ல. கம்பி எத்தனை முறுக்கு வாங்கியதோ அதன் சரித்திரம் அது.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் வீட்டுச் சுவரில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் ஒன்று மாட்டியிருந்தது. விருந்தினர் வருகிறார்கள் என்று யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வைத்துவிட்டார். எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபள. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பெரியவரிடம் சொன்னபோது அவர் அவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. கோலம் மேல்தோலில் இல்லையே, குழலின் முழுக் கனத்துக்கும் ஓடுகிறதே, மறுபடி துரு ஏற்றினால் திரும்பி வரும் என்றார். வந்தது, நானே பார்த்தேன், கிட்டத்தட்ட முன்னைப் போலவே. வராமல் போனது செய்தவர் அடித்த முத்திரை. சின்ன வட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருந்ததாக வீட்டுக்காரருக்கு ஞாபகம். என்ன எழுத்து என்று ஞாபகமில்லை. (சொல்ல மறந்தேன், வெறும் எஃகுக் குழலின் மேல் டமாஸ்கஸ் கோலத்தை அச்சடித்து ஏமாற்றி விற்ற காலமும் உண்டு. அதைத் தேய்த்தால் ஒன்றும் திரும்பி வராது.)

இரும்பு வாங்குவதில்கூடச் சிலர் வெறியாக இருந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஸ்பானியக் குழலுக்குத் தனி மவுசு. மாட்ரிட் கைவினைஞர்கள் தேய்ந்த குதிரை லாடங்களின் இரும்பைச் சேர்த்து உருக்குலைத்து அடித்துச் செய்தது அது. லாடமாக அடிபட்டு, பிறகு ரோட்டில் அடிபட்டு, திரும்ப உலையில் அடிபட்ட இரும்பில் கசடு மிச்சமிருக்காது என்பது கணக்கு. இங்கிலாந்துக்காரர்கள் லாட ஆணிகளின் துண்டுகளைச் சேகரித்து அதே வேலையைச் செய்தார்கள்.

வெளிவடிவத்துக்கு வருகிறேன். பல பழைய குழல்கள் எட்டுப்பட்டை. கல்தூண் செதுக்குகிற மாதிரியேதான்: நாலு பட்டையைத் தட்டி எட்டாக்கு, எட்டைத் தட்டிப் பதினாறாக்கு, அப்புறம் உருட்டு. நிறையக் குழல்களில் அடிப்பக்கம் எட்டுப்பட்டையாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் போய்ப் பதினாறாகி, ஒரு சின்ன வளையம் போட்டு, அதற்குமேல் உருட்டாகிவிடும். மருந்து வெடிக்கும் அடிப்பக்கத்தில் கனம் வேண்டும், முன்னால் போகப் போக வேண்டாம் என்ற கணக்கை அழகாகச் சொல்லும் விதம் அது.

ஆனால் என்னை நன்றாக ஏமாற்றியது வேறொரு வடிவம். ஜெர்மானிய வேட்டை ரைஃபிள் வழிவந்த, பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் நீட்டி மெலிதாக்கிய நெடுந்துப்பாக்கி அது, குழல் மட்டுமே நாற்பது அங்குலத்துக்கு மேல். அடியில் அளந்தேன், வாயில் அளந்தேன், இரண்டுக்கும் நடுவில் சீராகச் சிறுத்து வருகிறது என்று நோட்டில் எழுதிவிட்டேன். பெரியவர் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு விரலால் குழலைப் பிடித்து அடியிலிருந்து வாய்வரை வழித்துப் பார்க்கச் சொன்னார். முக்கால்வாசி தூரத்தில் விரல்கள் நெருங்கின. அதற்குமேல் போனால் மறுபடி விலகின. உடுக்கை மாதிரி இடை சிறுத்து வாய் அகன்றிருந்தது! வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண் அதைப் பார்க்காது, விரல் பார்த்துவிடும்.

எதற்கு இந்த மெனக்கெடல்? வீண்கனத்தை இடையில் எடுத்துவிட்டால் அவ்வளவு நீளமான துப்பாக்கியும் கையில் முன்பாரமாகத் தொங்காது. வாய்ப்பக்கம் திரும்பக் கொஞ்சம் கனம் சேர்த்தால் குறிபார்க்கும்போது முனை அலையாது. இதெல்லாம் எழுதும்போது சரிதான். கையில் எடுத்துத் தோளில் வைத்தால், இது ஏதோ தானாகவே போய் நிற்கிற மாதிரி இருக்கும். அதை எட்டுப் பக்கத்திலும் அரம் பிடித்துக் கொண்டுவந்தார்கள் என்று யோசியுங்கள். எட்டுப் பட்டையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், இடையில் எல்லாம் சேர்ந்து ஒடுங்க வேண்டும், வாயில் எல்லாம் சேர்ந்து விரிய வேண்டும். கோடு ஒன்று பிசகினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உள்ளே. பழைய படைத்துப்பாக்கிகளின் உள்துளை வழவழப்பானது. பிரவுன் பெஸ் என்று சொல்லும் ஆங்கிலேயப் படைத்துப்பாக்கியின் துளை முக்கால் அங்குலம், அதில் போட்ட குண்டு அதைவிட நன்றாகவே சின்னது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கெட்டிக் கசடாகவே மிஞ்சி, புகையோடு போனது போக மீதி உள்சுவரில் அப்பிக்கொள்ளும். பத்துத் தடவை சுட்ட பிறகும் குண்டு உள்ளே இறங்க வேண்டுமானால் இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் குண்டு இங்கே முட்டி அங்கே முட்டி உருண்டு வெளியே வந்து தன் இஷ்டத்துக்குப் போகும். ஏன் அப்படிப் போகிறது என்பதற்கு ஒழுங்கான பதில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் குண்டின் வேகத்தை ஊசல் வைத்து அளந்து புத்தகம் போட்டவர். அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு குழலின் முனையை மட்டும் வேண்டுமென்றே இடப்பக்கம் லேசாக வளைத்துவிட்டுச் சுட்டார். எதிரே வரிசையாகக் காகிதத் திரைகள். குண்டு முதலில் எதிர்பார்த்தபடி இடப்பக்கம் போனது, அப்புறம் காற்றிலேயே திரும்பி வலப்பக்கம் போய் விழுந்தது! வளைவில் வலப்பக்கச் சுவரை உரசி உருண்டதால் குண்டுக்குக் கிடைத்த சுழற்சி, காற்றில் அதைத் திருப்பிவிட்டது. குண்டு சுழலாமல் இருக்காது. அப்படியானால் அது எப்படிச் சுழல வேண்டும் என்பதை நாம் சொல்லிக்கொடுத்துவிடுவதே மேல். இந்த ராபின்ஸ் பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்து, 1751இல் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சுழற்சியைச் சொல்லிக்கொடுப்பதுதான் உள்புரி. உள்சுவரில் திருகாணி போலச் சுற்றி ஓடும் பள்ளங்கள். ராபின்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மானியக் கொல்லர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள், காரணம் தெரியாமலே. அதை வெட்டிய சாதனத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஏதோ செக்கு மாதிரி இருக்கும். ஆள் நீளத்துக்கு ஒரு மர உருளை, அதன்மேல் சுருள் சுருளாகப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மாட்டிய ஒரு பல் உருளையைத் தள்ளத் தள்ளத் திருப்பிவிடும். உருளையின் நுனியில் நீளக் கோல், கோலின் நுனியில் நகத்தளவு ரம்பப் பல். தள்ளினால் கோல் திருகிக்கொண்டே குழலுக்குள் போகும், இழுத்தால் திருகிக்கொண்டே திரும்பும், ஒவ்வொரு தடவையும் தூசியளவு இரும்பைச் சுரண்டிக்கொண்டு வரும். ஒரு பள்ளம் போட்டதும் அடுத்த பள்ளத்துக்குத் திருப்பி வைத்து அதே வேலை. ஒரு சுற்று முடிந்ததும் ரம்பப் பல்லுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைப்பார்கள். காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு பல் உயரும். மறுபடி முதலிலிருந்து. நூற்றுக்கணக்கான தடவை. அந்த உருளையில் இருக்கும் முறுக்கு, அது வெட்டும் எல்லாக் குழலுக்கும் போகும். பென்சில்வேனியத் துப்பாக்கிகளில் பொதுவாக நாற்பத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று, ஏழு பள்ளம். ஏன் ஏழு? ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு இருக்கும், வெட்டுகிற கோல் மேட்டில் சாய்ந்துகொள்ளலாம். அளக்கிறவனுக்குத்தான் கஷ்டம். பள்ளத்துக்குப் பள்ளம் அளவுகோலை எங்கே வைப்பது என்று நான் அரை மணி நேரம் போராடியிருக்கிறேன்.

வாய்வழித் துப்பாக்கிக்கு ஒரு சாபம் உண்டு, எல்லாம் வாய் வழியாகவே போவதால் வாய்தான் முதலில் தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. அங்கே ஒரு பக்கம் மயிரிழை தேய்ந்தாலும் பின்னாலிருந்து வரும் காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும். இதற்கு 1840இல் ஆல்வன் கிளார்க் என்ற அமெரிக்கர் செய்த தந்திரம் எனக்கு ரொம்ப இஷ்டம். உள்புரி வெட்டுவதற்கு முன்பே குழலின் முனையில் ஒரு துண்டை அறுத்து, பழைய இடத்திலேயே ஊசிகளால் பொருத்தி, இரண்டையும் ஒன்றாகத் துளைத்து ஒன்றாகவே உள்புரி போட்டார். கெட்டிக்கும்போது அந்தப் பொய்வாயை மாட்டு, குண்டை இறக்கு, கழற்றிவிட்டுச் சுடு. தேய்மானமெல்லாம் பொய்வாய்க்கு, நிஜவாய் புதுசாகவே இருக்கும். இந்தக் கிளார்க்கின் முக்கியத் தொழில் தொலைநோக்கி வில்லை தேய்ப்பது. அவர்கள் பட்டறை செய்த வில்லையைச் சோதிக்கும்போதுதான் 1862இல் அவர் மகன் சிரியஸ் விண்மீனின் மங்கலான துணையைக் கண்டுபிடித்தார்.

1850களிலிருந்து கதை வேகமாக ஓடுகிறது. மினியே என்ற பிரெஞ்சுக்காரரின் அடி குழிந்த குண்டு தளர்வாக இறங்கி, சுட்டதும் விரிந்து உள்புரியைப் பிடித்துக்கொண்டது. அதை நம்பிச் செய்த 1853 என்ஃபீல்டுக்கு மூன்றே பள்ளம் போதுமானதாக இருந்தது. (1857இல் இங்கே நடந்த கலகத்தோடு சேர்த்து எல்லோரும் கேள்விப்பட்ட கொழுப்புத் தடவிய தோட்டா இதனுடையதுதான்.) திருகாணிப் புரிக்கு 1841இல் ஒரே அளவுமுறை கொடுத்த ஜோசப் விட்வொர்த், பள்ளமே வேண்டாம் என்று துளையையே அறுபட்டையாக்கி, இருபது அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கினார். 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா ராணி, நிலையாகப் பொருத்திய அந்த ரைஃபிளின் விசைக் கயிற்றை இழுத்து, 400 கெஜத்தில் நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலம் தள்ளிச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது. அற்புதமான எந்திர வேலை, மறுக்கவே இல்லை. ஆனாலும் என் மனசு காகிதத் துண்டு வைத்துப் பல்லை உயர்த்தியவன் பக்கம்தான் நிற்கிறது.

அவனுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். சுட்டுச் சுட்டு உள்புரி மழுங்கிப்போனால் துப்பாக்கியை அவனிடமே திரும்பக் கொண்டுபோவார்கள். அவன் ஒரு கோலைக் குழலுக்குள் விட்டு அதைச் சுற்றி ஈயத்தை ஊற்றுவான். ஈயம் தேய்ந்த பள்ளங்களின் அச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈயத்தில் பல்லைப் பதித்து, பழைய பாதையிலேயே ஓட்டி, பள்ளத்தை மறுபடி ஆழமாக்குவான். குழல் தன் புரியைத் தானே தனக்கு வெட்டிக்கொள்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் துளை கொஞ்சம் பெரிதாகும், அதற்குத் தகுந்த புதுக் குண்டச்சும் அவனே செய்து கொடுப்பான். அதனால்தான் நெடுந்துப்பாக்கிகளின் துளை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

பெரியவரிடம் எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் செய்வது ஒன்றே ஒன்று. கெஜக்கோலை உள்ளே விட்டு, வாயோடு விரலை வைத்து அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்துப் பார்ப்பார். கோல் பக்கத்துத் துளை வரை போயிருந்தால் வெறும் துப்பாக்கி. போகாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. நூறு வருடம் சுவரில் தொங்கியதெல்லாம் கெட்டித்தபடியே வருவதுண்டு, கரிமருந்து ஈரம் படாதவரை கெட்டுப்போகாது. போன தடவை நான் இருந்தபோது ஒன்று அப்படி வந்தது. மூன்று விரற்கடை குறைந்தது. துளை வழியாக எண்ணெயை விட்டு இரண்டு நாள் ஊறப்போட்டுவிட்டு, கோலின் நுனியில் திருகு மாட்டி, ஈயத்தில் ஏற்றி, மெதுவாக இழுத்தார். குண்டு வந்தது, அதைச் சுற்றியிருந்த துணியோடு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துணி, கறுத்துப்போய், ஓரம் பிசிர்விட்டு, ஆனால் நெசவு இழை எண்ணும்படி முழுசாக இருந்தது. யாரோ கத்தரித்து, எண்ணெய் தடவி, குண்டைச் சுற்றி வைத்து, இடித்து இறக்கிவிட்டுச் சுடாமலே போயிருக்கிறார்கள்.

பெரியவர் அதை மேசையில் விரித்துக் கண்ணாடிச் சில்லுக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் தள்ளினார். துணியில் ஏழு வரி பதிந்திருந்தது. ஏழும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.